கடைசி நாலு வரி

சென்னையின் பழைய நகரப் பகுதியில், கையில் எவ்வளவு காசு இருந்தாலும் எங்கே சாப்பிடலாம் என்று ஒரு பத்திரிகையில் பல வருடம் பத்தி எழுதினேன். பாரிமுனையில் தொடங்கி அண்ணா சாலை வரைக்கும் அதன் எல்லை. பக்கத்தின் மேலே பெரிய ஹோட்டல்கள் வரும், நடுவில் நடுத்தரக் கடைகள் வரும், அடியில் காசு குறைவாக இருப்பவர்களுக்கென்று நாலு வரி வரும். மேலே குறிப்பிட்ட இடங்களில் எல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதினேன். அந்த நாலு வரியை மட்டும் சாப்பிடாமல் எழுதினேன். ஏதோ ஒரு வாரம் நேரமில்லாமல் அப்படி நடந்துவிடவில்லை. அந்தப் பத்தி வந்த காலம் முழுக்க அப்படித்தான் நடந்தது. இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானே சொன்னால் ஒழிய வெளியே வராது என்பதால் சொல்கிறேன்.

மேல்வரிசைக் கடைகளுக்கு நான் எடுத்துக்கொண்ட சிரத்தையைச் சொன்னால்தான் செய்த தவறின் அளவு புரியும். கன்னிமரா ஹோட்டலின் ரெயின்ட்ரீயில் செட்டிநாட்டுச் சாப்பாடு பற்றி எழுத ஒரு தடவை போனது போதாதென்று மறுபடியும் போனேன், பத்திரிகைச் செலவில். அப்படிப்பட்ட நட்சத்திர ஹோட்டலில் உணவுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும், சாதாரண உணவகத்தில் 5 சதவீதம்தான், ஆகவே மெனுவில் பார்க்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் என்று எச்சரித்தேன். 1951-இல் தொடங்கிய அண்ணா சாலை புகாரியில் எந்த மேசையில் உட்கார்ந்தால் தெரு தெரியும் என்றுகூட எழுதினேன். சௌகார்பேட்டையில் தங்கசாலைத் தெரு காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபி வாணலியிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து நின்றேன். என்.எஸ்.சி. போஸ் சாலை சீனா பாய் கடையில் நெய் இட்லியும் ஊத்தப்பமும்தான் கிடைக்கும், மாலையில்தான் திறப்பார்கள், பகலில் போய் ஏமாறாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். நெய் இட்லி சாப்பிடப் போகிறவர் பகலில் போய் ஏமாறக் கூடாது என்று அவ்வளவு கவலைப்பட்டிருக்கிறேன்.

இப்போது அந்த நாலு வரி. அநேகமாக ஒவ்வொரு தடவையும் சொல் மாறாமல் வந்தது இது:

"பாரிமுனைக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் கையேந்தி பவன்கள் ஏராளம். எந்நேரமும் சூடாகச் சாப்பாடு கிடைக்கும். ஐம்பது ரூபாய் இருந்தால் வயிறு நிறையும். சுத்தம் பார்த்துச் சாப்பிடவும்."

எந்தத் தெரு என்று இல்லை. எனக்குத் தெரியாது, அதனால் இல்லை. எங்கள் அலுவலக ஓட்டுநர் ஒருவர் அந்தப் பக்கம் சாப்பிட்டதாகப் பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து எழுதிய வரி அது. அவர் சாப்பிட்டது வேலை நாளில், மதியத்தில். "எந்நேரமும்" என்பதை நானாகச் சேர்த்தேன், வரி நிறைவதற்காக. ஐம்பது ரூபாய் என்பதும் என் ஊகம். கடைசி வரிதான் இன்று படிக்கையில் அதிகம் உறுத்துகிறது. பெரிய ஹோட்டல்களின் சமையற்கட்டையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அவற்றுக்குக் கீழே ஒருநாளும் சுத்தம் பார்க்கச் சொல்லி எழுதியதில்லை. பணம் குறைந்த இடத்துக்கு மட்டும் அந்த எச்சரிக்கை என் கை தானாக எழுதியது.

ஒரு கடிதம் வந்தது. திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். கணவரை சனிக்கிழமை இரவு ஜி.எச்.சில், அதாவது சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், சேர்த்திருக்கிறார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போது மகள் என் பத்தியைக் கத்தரித்து அம்மாவின் பையில் வைத்து அனுப்பியிருக்கிறாள், சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம் என்று. மறுநாள் மதியம், பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்தக் காகிதத்தோடு பாரிமுனைக்கு நடந்திருக்கிறார். ஒன்றரை கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். அன்று ஞாயிற்றுக்கிழமை.

பாரிமுனை இருக்கும் ஜார்ஜ் டவுனைத் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோடவுன் தெருவில் ஜவுளி மொத்த வியாபாரம், ஆண்டர்சன் தெருவில் காகிதம், கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஆயிரம் சாமான். இந்தக் கடைகளில் சரக்கு ஏற்றி இறக்குபவர்கள், கடைப் பையன்கள், மீன்பாடி வண்டி ஓட்டுபவர்கள், எதிரே உயர் நீதிமன்றத்துக்கு வந்து போகும் குமாஸ்தாக்கள், இவர்களுக்காகத்தான் அந்தச் சாப்பாட்டு வண்டிகள் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகளுக்கும் விடுமுறை, கோர்ட்டுக்கும் விடுமுறை. பாரம் தூக்க ஆள் வராத நாளில் அவர்களுக்குச் சோறாக்குகிற வண்டியும் வராது. ரத்தன் பஜார் நடைபாதையில் துணியும் செருப்பும் விற்பார்களே தவிர, உள்தெருக்களில் இறக்கிய ஷட்டர்கள்தான் இருக்கும். அந்த அம்மா தெருத் தெருவாகப் பார்த்திருக்கிறார். கடைசியில் ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். மூன்றரை மணிக்கு வார்டுக்கு வந்த பிறகு பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி சொல்லியிருக்கிறார், ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே அம்மா உணவகம் இருக்கிறதே, போயிருக்கலாமே என்று. மதியச் சாப்பாடு மூன்று மணியோடு முடிந்திருந்தது.

கடிதத்தில் கோபம் இல்லை. "ஐயா, ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை கிடையாது, அதையும் சேர்த்துப் போடுங்கள், என்னைப் போல் வேறு யாராவது வருவார்கள்" என்றுதான் எழுதியிருந்தார்.

அதை நான் போடவில்லை. இந்த வாக்குமூலத்தில் எனக்கு மிகவும் கூசுகிற இடம் இதுதான். தெரியாமல் எழுதியதை அலட்சியம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். தெரிந்த பிறகு மறைத்ததை அப்படிச் சொல்ல முடியாது. கடிதத்தை வாசகர் கடிதப் பகுதிக்குக் கொடுக்காமல் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஆசிரியருக்குச் சொல்லவில்லை. திருத்தம் வெளியிட்டால், அப்படியென்றால் நீங்கள் அங்கே போனதே இல்லையா என்று கேட்பார்கள் என்று பயந்தேன். அடுத்த தடவை பத்தி வந்தபோது "எந்நேரமும்" என்ற சொல்லை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்த்தால் விசாரித்து எழுதியதுபோல் ஆகிவிடும், விசாரிக்காமல் அப்படிக் காட்டிக்கொள்வது தவறு என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அவருக்குப் பதில் எழுதியது மிகவும் பிந்தி. அதற்குப் பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஏன் போகவில்லை என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். முதலில் வந்த பதில் சுத்தம். வயிறு கெட்டுப்போகும் என்ற பயம். அது பொய் என்று எனக்கே தெரியும், ஏனென்றால் அதே பாரிமுனையில், அதே நடைபாதையில், நின்றுகொண்டு அத்தோ சாப்பிட்டிருக்கிறேன்.

அத்தோ பற்றி என் பத்தியில் அரைப் பக்கம் வந்திருக்கிறது. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்ட பிறகு அங்கிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. அவர்களின் பிழைப்புக்காக 1969-இல் பர்மா பஜார் வந்தது. அதை ஒட்டிய செகண்ட் லைன் பீச் சாலையில் மாலையானால் அத்தோ வண்டிகள் வந்துவிடும். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் போட்டு, பேஜோ என்ற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கி மேலே தூவி, கடைக்காரர் கையாலேயே பிசைந்து தருவார். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப். வறுத்த வெங்காயம் அடைத்த அவித்த முட்டை. கையுறை இல்லாமல் பிசைந்ததை, பேருந்துப் புகைக்கு நடுவே நின்று, ரசித்துச் சாப்பிட்டேன். அப்போது சுத்தம் ஞாபகம் வரவில்லை.

ஆக, நிற்பதும் தடையாக இல்லை, தெருவும் தடையாக இல்லை. அத்தோ வண்டியில் என் பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகளும் ஐ.டி. கம்பெனிக்காரர்களும் கேமராவோடு நின்றார்கள். அங்கே யாராவது தெரிந்தவர் பார்த்தால், எழுத்தாளர் புதுசாக ஏதோ தேடிச் சாப்பிடுகிறார் என்று நினைப்பார். சோற்று வண்டியில் லோடுமேன்களோடு நிற்கும்போது பார்த்தால், இவருக்கு என்ன கஷ்டமோ என்று நினைப்பார். அந்த இரண்டாவது பார்வைக்குத்தான் பயந்தேன். பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதை வைத்துத்தான் நான் கடையைத் தேர்ந்தெடுத்தேன். ரோட்டுக்கடையில் நின்று சாப்பிடுவது குடும்பத்துக்குத் தலைகுனிவு என்று சொல்லி வளர்க்கப்பட்ட வீடு என்னுடையது. ஆனால் வளர்ந்து, பிழைத்து, அடுத்தவருக்கு வழிசொல்லும் வேலையை ஏற்ற பிறகும் வீட்டின் மேல் பழியைப் போட முடியாது.

இதே காரணத்தால் என் பத்தியில் இடம் பெறாமல் போனவை வேறும் உண்டு. சென்ட்ரலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெரியமேட்டில் மாட்டுக்கறி பிரியாணிக் கடைகள் இருக்கின்றன. குறைந்த காசில் கறியோடு வயிறு நிறையச் சாப்பிட வழி இருக்கும் இடம். ஒரு தடவைகூட எழுதியதில்லை. எங்கள் வாசகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நானே முடிவுசெய்தேன். ஜிலேபிக்கு ஒரு பத்தி முழுக்க இடம் இருந்தது.

அம்மா உணவகத்தை விட்டது அதைவிடப் பெரிய குற்றம். 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கியது அது. நகரத்துக்கே தெரிந்த விலை: இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், இரவில் இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். எந்தக் காசிலும் சாப்பிடலாம் என்று தலைப்பு வைத்துவிட்டு, நகரத்திலேயே மிகக் குறைந்த விலையில் சோறு போடும் இடத்தைச் சொல்லாமல் விட்டேன். அது அரசுத் திட்டம், உணவகம் அல்ல, விமர்சனத்துக்கு உரியது அல்ல என்று காரணம் வைத்திருந்தேன். எங்கள் பத்திரிகை வாங்குகிறவர் அங்கே போக மாட்டார் என்பதுதான் உள்ளே இருந்த எண்ணம். திண்டிவனம் அம்மா எங்கள் பத்திரிகையை வாசித்தவர்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை மதியம் பாரிமுனைப் பின்தெருக்களுக்குத் தனியாகப் போனேன். ஆண்டர்சன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூடிய கோடவுன் வாசலை ஒட்டி ஒரு வண்டி. கணவன் மனைவி இருவர் நடத்துகிறார்கள். இரண்டு அன்னக்கூடையில் சோறு, குண்டான்களில் சாம்பார், ரசம், கோழிக்குழம்பு, ஒரு தூக்கில் மோர். ஓரமாகத் தவாவில் ஆம்லெட். தட்டின் மேல் வாழையிலைத் துண்டு வைத்துத் தந்தார்கள். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தாளுக்குத் தடை வரும்வரை அந்த இடத்தில் பாலித்தீன் இருந்ததாகச் சொன்னார்கள். முன்னால் நின்றவர் முதுகு முழுக்க வியர்வையும் காகிதத் தூசியும். அவர் சாப்பிட்டு முடித்ததும் அந்த அக்கா ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டார். என்னைப் பார்த்து, "கணக்காண்ணா, காசா?" என்றார். வாரக் கூலி வாங்குபவர்களுக்கு அங்கே வாரக் கணக்கு. கையில் ஒரு ரூபாய் இல்லாத நாளிலும் சாப்பிட முடிகிற இடம் அது என்பது என் பத்தியைப் படித்த யாருக்கும் தெரிந்திருக்காது.

குழம்பில் பீஸ் வேண்டுமா, வெறும் குழம்பு போதுமா என்று கேட்டுத்தான் ஊற்றுகிறார்கள். விலை அதற்குத் தகுந்தபடி. இரண்டாவது தடவை சோறு கேட்டால் முகம் சுளிக்கவில்லை. உட்கார வேண்டுமென்றால் கோடவுன் படிக்கட்டு. கைகழுவ டிரம்மில் தண்ணீரும் ஒரு மக்கும். இரண்டரை மணிக்கெல்லாம் அன்னக்கூடை காலி, அடியைச் சுரண்டி வழித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த இருவருக்கு ஆம்லெட் மட்டும்தான். காசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, நான் எதுவும் கேட்காமலே, அந்த அக்கா பொதுவாக எல்லாரிடமும் சொல்வதுபோல் சொன்னார்: "நாளைக்கு வந்துடாதீங்கண்ணா, ஞாயித்துக்கெழம. கடையெல்லாம் மூடிட்டா நாங்க யாருக்கு ஆக்குறது?"

ஒரே ஒரு தடவை நான் அங்கே நின்று சாப்பிட்டிருந்தால், அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்க மாட்டார்.

ஜி.எச். வளாகத்து அம்மா உணவகத்துக்கும் போனேன். டோக்கன் வாங்கி, தட்டை நீட்டி, உயரமான மேசையில் நின்று சாப்பிட வேண்டும். பரிமாறுபவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். பார்சல் கிடையாது, ஆகவே நோயாளியை விட்டு வர முடியாதவர்கள் வேறு யாரையாவது காவல் வைத்துவிட்டுத்தான் வரவேண்டும். என் எதிரே நின்ற பெரியவர் பெரிய ஸ்கேன் கவரை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையால் சாம்பார் சாதம் சாப்பிட்டார். மேசையில் வைக்கவில்லை, கறை பட்டுவிடும் என்று. பக்கத்தில் ஒரு பெண் தயிர் சாதத்தை இரண்டு பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு, தட்டில் மிஞ்சியதைத் தான் வழித்தார். சாம்பார் சாதம் சூடாக இருந்தது, காரம் குறைவு, நன்றாகக் குழைந்திருந்தது. நோயாளியோடு இரவெல்லாம் விழித்தவருக்கு ஏற்ற சாப்பாடு. இந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இப்போது எனக்குத் தெரிவது இது. காசு உள்ளவரைத் தவறான கடைக்கு அனுப்பினால் அவருக்கு ஒரு மாலைப்பொழுது வீண், அவ்வளவுதான். அடுத்த கடைக்குப் போய்விடுவார். காசு இல்லாதவரைத் தவறான தெருவுக்கு அனுப்பினால் அவருக்கு அன்றைய சாப்பாடே போகிறது, நடந்த நடையும் சேர்ந்து போகிறது. ஆகவே ஒரு வழிகாட்டியில் மிக நுணுக்கமாக, மிகத் துல்லியமாக இருக்க வேண்டியது அடியில் வரும் பகுதிதான். தெரு, அடையாளம், திறக்கும் நேரம், சோறு தீரும் நேரம், விடுமுறை நாள், உட்கார இடம், குடிதண்ணீர், இரண்டாம் தடவைச் சோற்றுக்குக் காசா இல்லையா, எல்லாம் அங்கேதான் வேண்டும். நான் நேர்மாறாகச் செய்தேன். கன்னிமராவுக்கு விரிவுரை எழுதினேன், பசித்தவருக்கு வதந்தி எழுதினேன்.

என் பழைய பத்தியைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் அதன் அடிப்பகுதியை நம்பிப் போகவேண்டாம். ஜி.எச்.சுக்கு வருபவர்கள் முதலில் வளாகத்துக்குள்ளேயே அம்மா உணவகத்தைக் கேளுங்கள்: காலை 7 முதல் 10 வரை, மதியம் 12 முதல் 3 வரை, இரவுக்குச் சப்பாத்தி. பாரிமுனைப் பின்தெருக்களுக்கு வேலை நாளில், ஒரு மணிக்கு முன்னால் போங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஸ்டான்லி ஆஸ்பத்திரி, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கடற்கரை ரயில் நிலையம், இந்த இடங்களைச் சுற்றிக் குறைந்த காசில் நன்றாகச் சாப்பிட்டவர்கள், தெருவின் பெயரும் நேரமும் விடுமுறை நாளும் குறித்து எனக்கு எழுதுங்கள். இனி நானே போய்ச் சாப்பிட்டுப் பார்க்காமல் ஒரு வரியும் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன்.